விஆர் ஹெட்செட் கனக்கிறதா? முகமும் கழுத்தும் வலிக்காமல் நீண்ட நேரம் அணிய முழுமையான வழிகாட்டி

மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் விஆர் ஹெட்செட்டை அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கன்னத்து எலும்பின் மேல் இரண்டு சிவப்புத் தழும்பு, நெற்றியில் ஒரு பட்டை, பிடரியில் விண்ணென்று ஒரு இழுப்பு. எனக்கும் முதல் ஹெட்செட் வாங்கிய புதிதில் இதே கதைதான். எடை குறைந்த மாடல் வரும்வரை பொறுத்துக்கொள்வோம் என்று அதை அலமாரியில் வைத்துவிட்டேன், பல மாதம் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் எடுத்துப் பட்டையைப் பிரித்து மாட்டி, பின்பக்கம் கொஞ்சம் எடை சேர்த்துப் பார்த்தேன். அதே ஹெட்செட், உண்மையில் முன்பைவிட 200 கிராம் கூடுதல், ஆனால் இரண்டு மணி நேரப் படம் ஒன்றை ஒருமுறைகூடக் கழற்றாமல் பார்த்து முடித்தேன்.

அன்று புரிந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்: மொத்தம் எத்தனை கிராம் என்பதைவிட அந்தக் கிராம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வலியைத் தீர்மானிக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம், அதையே கையை முன்னால் நீட்டிப் பிடி என்றால் ஒரு நிமிடம் தாங்காது. குடத்தின் எடையில் மாற்றமே இல்லை.

படிகளை நான் சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் மூன்று படிகளுக்குக் காசு செலவில்லை, பலருக்கு அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 1: எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இருபது நிமிடம் வழக்கம்போல் அணியுங்கள். கழற்றிய உடனே, தழும்பு மறைவதற்குள், மொபைலில் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் சிவப்பு என்றால் ஹெட்செட் முன்னால் தொங்குகிறது, மேல்பட்டை தன் வேலையைச் செய்யவில்லை. புருவத்துக்கு மேலே வலி என்றால் பக்கப் பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அங்கே தோலுக்கு அடியிலேயே நரம்பு ஓடுவதால் தொடர்ந்து அழுத்தினால் தலைவலியே வந்துவிடும். இறுக்கமான தலைக்கவசம், நீச்சல் கண்ணாடி போன்றவற்றால் வரும் தலைவலியை மருத்துவ வகைப்பாட்டிலேயே தனி வகையாக வைத்திருக்கிறார்கள், ஆகவே இதை உங்கள் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குத் தண்டில் தடம் இருந்தால் நுரை மெத்தையின் வடிவம் உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை, கழுத்து மட்டும் வலிக்கிறது என்றால் படி 5-க்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும்.

கண் எரிச்சலும் குமட்டலும் தனி விஷயம். அவற்றுக்கு எடை காரணமில்லை, இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, படம் ஓடும் வேகம் போன்றவைதான் காரணம், பட்டையை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

படி 2: எடை போடுங்கள், எடை மையத்தைப் பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று போதும். முதலில் முழு ஹெட்செட், அப்புறம் பட்டையைக் கழற்றிவிட்டு முன்பகுதி மட்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சில ஹெட்செட்களின் எடை: 2020-இல் வந்த குவெஸ்ட் 2 அதன் துணிப்பட்டையோடு 503 கிராம், 2023-இல் வந்த குவெஸ்ட் 3 515 கிராம், பிளேஸ்டேஷன் விஆர்2 சுமார் 560 கிராம், வால்வ் இண்டெக்ஸ் 809 கிராம். குவெஸ்ட் 3, குவெஸ்ட் 2-ஐவிட நன்றாக மெலிந்து வந்தது, ஆனால் எடை பார்த்தால் 12 கிராம் கூடுதல். அப்படியும் எனக்கு அது இலேசாகத்தான் தெரிந்தது, காரணம் எடை முகத்துக்கு அருகே வந்துவிட்டது. ஒன்றிரண்டு செ.மீ. உள்ளே வந்ததே அந்த வித்தியாசம்.

அடுத்து, ஹெட்செட்டை அணியும் நிலையில் பிடித்து, காது வரும் இடத்தில் இரண்டு பக்கப் பட்டைகளையும் இரண்டு விரல்களில் தாங்கிப் பாருங்கள். மூக்குப் பக்கம் சரேலென்று கவிழ்கிறதா? உங்கள் கழுத்துத் தசை அணிந்திருக்கும் நேரமெல்லாம் எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கவிழ்ப்பைத்தான். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ, அதோடு ஒப்பிட்டால் அரைக் கிலோ பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த அரைக் கிலோ முகத்துக்கும் முன்னால் நிற்கிறது, அதனால்தான் பின்கழுத்து இத்தனை சீக்கிரம் சோர்ந்துபோகிறது.

படி 3: இருக்கும் பட்டையையே சரியாக மாட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இங்கேதான். ஹெட்செட் வழுக்கி இறங்குகிறது, உடனே பக்கப் பட்டையை இறுக்குகிறோம், மறுபடி இறங்குகிறது, மறுபடி இறுக்குகிறோம், கடைசியில் முகத்தை இடுக்கியில் மாட்டியது போல் ஆகிவிடுகிறது. பக்கப் பட்டை எடையைத் தூக்குவதற்காக வைத்தது அல்ல, ஹெட்செட் முன்னும் பின்னும் அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. எடையைத் தூக்க வேண்டியது உச்சந்தலையில் ஓடும் மேல்பட்டை.

எல்லாவற்றையும் முழுக்கத் தளர்த்திவிட்டு ஆரம்பியுங்கள். பின்மண்டையில் எலும்பு பிதுங்கி நிற்கும் இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். பின்பட்டை அந்த மேட்டுக்குக் கீழே, பிடரியும் மண்டையும் சேரும் குழிவில் அமர வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் எத்தனை இறுக்கினாலும் மேல்நோக்கி வழுக்கும். இப்போது முன்பகுதியை ஒரு கையால் கண்ணுக்கு நேராகத் தாங்கிக்கொண்டு மேல்பட்டையை மட்டும் இறுக்குங்கள். கையை மெல்ல எடுத்தால் ஹெட்செட் கன்னத்தில் சாயாமல் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்க வேண்டும், அதுதான் சரியான அளவு. பக்கப் பட்டையைக் கடைசியாக, நுரைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் கொஞ்சம் சிரமத்தோடு நுழைகிற அளவுக்கு இறுக்கினால் போதும்.

இன்னொரு விஷயம், நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பல நேரம் நாம் இறுக்குவது ஹெட்செட் ஆடுவதால் அல்ல, படம் மங்கலாக இருப்பதால். லென்ஸின் நடுப்பகுதி கண்மணிக்கு நேராக வராதபோது எழுத்து கலங்கித் தெரியும், கையால் முகத்தோடு அழுத்தினால் தெளிவாகும், உடனே இறுக்கமாகப் போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்போது இறுக்காதீர்கள். முன்பகுதியை மேலும் கீழும் சில மில்லிமீட்டர் நகர்த்தி, எழுத்து கூர்மையாகத் தெரியும் உயரத்தில் நிறுத்துங்கள். பிறகு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து லென்ஸ் இடைவெளியை அதற்கேற்ப வையுங்கள். பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். கண் கண்ணாடி அணிபவர் என்றால் கண் மருத்துவமனையில் கொடுத்த சீட்டிலேயே அந்த எண் இருக்க வாய்ப்புண்டு. சில ஹெட்செட்களில் இடைவெளியைச் சக்கரத்தால் எந்த அளவுக்கும் திருப்பலாம், குவெஸ்ட் 2 போன்றவற்றில் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டையும் வைத்துப் படித்துப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

படி 4: பட்டையை மாற்றுங்கள்

பெட்டியோடு வரும் எலாஸ்டிக் துணிப்பட்டை பெட்டிக்குள் மடிந்து அடங்குவதற்காகவே செய்யப்பட்டது போலத்தான் எனக்குத் தோன்றும். இழுபடும் துணியால் எடையைத் தாங்க முடியாது, ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துவிடும்.

மாற்றாக இரண்டு வகை உண்டு. ஒன்று, பின்னால் திருகு வைத்த கெட்டியான பட்டை. பக்கவாட்டுக் கைகள் வளையாத பிளாஸ்டிக், பிடரியில் ஒரு மெத்தை, திருகைத் திருப்பினால் இறுகும். வேகமாக விளையாடுபவர்களுக்கு இது நல்லது, அசையாது. ஆனால் முகத்தில் அழுத்தம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது வகை நெற்றி வளையம். தலையைச் சுற்றி ஒரு கிரீடம் போல வளையம், எடை முழுவதும் நெற்றியின் மேற்பகுதியிலும் பிடரியிலும் இறங்கும், திரைப்பகுதி அந்த வளையத்திலிருந்து கண்ணுக்கு முன்னால் தொங்கும், கன்னத்தைத் தொடவே தேவையில்லை. 2016-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் விஆர் 610 கிராம், அப்படியும் வசதிக்காகப் பெயர் வாங்கியது இந்த வடிவத்தால்தான். தலையில் சுமை தூக்குபவர்கள் சும்மாடு கட்டுவது எதற்கு? பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவுவதற்கு. நெற்றி மெத்தையும் அதைத்தான் செய்கிறது, ஆகவே மெத்தை அகலமாக, மென்மையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறுகலான கெட்டி மெத்தை நெற்றியில் ஒரே கோட்டில் பதிந்து வேறு தலைவலியைக் கொடுக்கும்.

உட்கார்ந்து படம் பார்ப்பது, வேலை செய்வது, மெதுவான விளையாட்டு என்றால் யோசிக்காமல் வளைய வகைக்குப் போங்கள். குதித்து ஆடுபவர் என்றால் திருகு வகை. இரண்டும் செய்பவர் என்றால் வளையத்தோடு கூடவே மெல்லிய முக மெத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

படி 5: பின்னால் எதிர் எடை

எடையைக் குறைக்க வந்த இடத்தில் எடை சேர்க்கச் சொல்கிறானே என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

முன்பகுதி 400 கிராம், அதன் எடை மையம் காதுக்கு நேர்கோட்டிலிருந்து 14 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 × 14 = 5600. இதுதான் தலையை முன்னால் கவிழ்க்கும் திருப்புத்திறன், பள்ளியில் படித்த அதே நெம்புகோல் கணக்கு. பின்மண்டையில் காதுக்கு 11 செ.மீ. பின்னால் 200 கிராம் வைத்தால் 200 × 11 = 2200 எதிர்ப்பக்கம் இழுக்கும். மீதி 3400. மொத்த எடை பாதி கூடியிருக்கிறது, ஆனால் பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டிய சுமை ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கிவிட்டது. கூடுதல் எடையை முதுகெலும்பு நேர்கீழாகத் தாங்கிக்கொள்ளும், அது அதற்குப் பழகிய வேலை.

அப்படியானால் 500 கிராம் வைத்து முழுக்கச் சமன் செய்துவிடலாமே? வேண்டாம். தலையைத் திருப்பும்போது நிலைமம் என்று ஒன்று இருக்கிறது, அது தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். மேலே சொன்ன 200 கிராமே ஹெட்செட்டின் நிலைமத் திருப்புத்திறனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. இடமும் வலமும் வெடுக்கென்று திரும்பும் விளையாட்டில் தலை திரும்பி நின்ற பிறகும் ஹெட்செட் இன்னும் கொஞ்சம் போகப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தவும் கழுத்துதான் வேலை செய்ய வேண்டும். அதனால் என் அளவு: உட்கார்ந்து பார்க்க 200 முதல் 250 கிராம், ஆடி விளையாட 100 முதல் 150.

செய்வது எளிது. முதலில் ஒரு சின்னத் துணிப்பையில் நாணயங்களைப் போட்டு, பின்பட்டையில் வெல்க்ரோவால் கட்டி, 50 கிராமில் தொடங்கி ஐம்பது ஐம்பதாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அளவையும் கால் மணி நேரமாவது அணிய வேண்டும், முதல் நிமிடத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கான எண் கிடைத்ததும் அதே எடையில் ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொண்டால் எதிர் எடையும் ஆயிற்று, சார்ஜும் நீடிக்கும். 10,000 எம்ஏஎச் உள்ளவை பெரும்பாலும் 200 கிராமுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். 20, 30 செ.மீ. நீளக் குட்டைக் கேபிள், நுனி எல் வடிவத்தில் வளைந்ததாக இருந்தால் சார்ஜ் துளையை நெம்பாது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். உறை இல்லாத தனி லித்தியம் செல்களைத் தலையில் கட்டாதீர்கள். உப்பிய பவர் பேங்க், கீழே விழுந்து நசுங்கியது, எதுவும் வேண்டாம். காற்றே புகாமல் நுரைக்குள் பொதிந்து வைத்தால் சூடாகும், தலைமுடிக்கும் அதற்கும் நடுவே கெட்டியான பட்டையின் பின்தகடு இருக்கட்டும்.

எடை கூடினாலும் வசதி கூடலாம் என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி ஆப்பிள். 2024 பிப்ரவரியில் வந்த விஷன் புரோவில் பேட்டரியைச் சட்டைப் பைக்குத் தள்ளிவிட்டார்கள், தலையில் இருந்ததை மட்டும் எடைபோட்டாலே 600 கிராமைத் தாண்டியது, அத்தனையும் முகத்தின் முன்னால். 2025 அக்டோபரில் எம்5 சில்லோடு வந்த மாடலில் புதிய பட்டை கொடுத்தார்கள், அதன் பின்பகுதித் துணிக்குள் எதிர் எடையாக டங்ஸ்டன் துண்டுகள். மொத்த எடை 750 கிராமுக்கு மேல் போனது.

படி 6: முகத்தில் படும் மெத்தை

பெட்டியோடு வரும் நுரை, உங்கள் முகத்தை அளந்து செய்ததல்ல. நுரை மென்மையாக இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செயற்கைத் தோல் துடைக்க எளிது, சூடு அதிகம். சிலிகான் கழுவிவிடலாம், வழுக்கும். நான் செயற்கைத் தோல் வைத்து அதன் மேல் துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்டுக்கொள்கிறேன், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எனக்கு ஒத்துவருகிறது.

மெத்தையின் தடிமன் எடைக்கும் தொடர்புடையது. மெல்லிய மெத்தை போட்டால் ஹெட்செட் முழுவதும் முகத்துக்கு அருகே வரும், நெம்புகோல் குறுகும், பார்வைப் பரப்பும் விரியும். ஆனால் இமை முடி லென்ஸைத் தொட்டால் அது எல்லை மீறியது, லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கும் கீறலும் விழும். வளையப் பட்டை வைத்திருப்பவர்கள் மெத்தையை முழுக்கக் கழற்றிவிட்டே அணியலாம். வெளிச்சம் உள்ளே வரும், திகில் விளையாட்டுக்கு உதவாது, ஆனால் முகத்தில் எதுவுமே படாது, வியர்க்காது, கீழே விசைப்பலகையும் தெரியும். வேலைக்கு நான் இப்படித்தான் அணிகிறேன்.

தோல் சிவந்து அரித்தால் அழுத்தம் என்று விட்டுவிடாதீர்கள், அது ஒவ்வாமையாக இருக்கலாம். 2021 ஜூலையில் குவெஸ்ட் 2-இன் நுரை மெத்தை தோலில் எரிச்சல் தருகிறது என்று அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் மெத்தைகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்து, எல்லோருக்கும் சிலிகான் உறை கொடுத்தார்கள். அரிப்பு வந்தால் அணிவதை நிறுத்தி வேறு பொருளுக்கு மாறுங்கள்.

படி 7: கண்ணாடி, கேபிள், சூடு

கண் கண்ணாடிக்கு மேலே ஹெட்செட் போடுவது மூக்குத் தண்டுக்கும் காதோரத்துக்கும் தண்டனை, லென்ஸோடு லென்ஸ் உரசிக் கீறலும் விழும். உங்கள் பவருக்கேற்ற லென்ஸ் செருகிகள் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கின்றன, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை கழற்ற மாட்ட எளிது. செலவு செய்ய ஒரே ஒரு பொருள்தான் முடியும் என்றால், கண்ணாடி அணிபவர்களுக்கு நான் பட்டையைவிட முன்னால் இதைத்தான் சொல்வேன்.

கணினியோடு கேபிளில் இணைப்பவர்கள், கேபிள் நேராகக் கீழே தொங்காமல் பின்பட்டையில் ஒரு கிளிப்பில் மாட்டி, முதுகுப் பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டு இறக்குங்கள். கூரையில் கொக்கி மாட்டிச் சுருள் கப்பியில் தொங்கவிட்டால் கேபிளின் எடையே தலையில் தெரியாது. 1968-இல் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய, தலையில் அணியும் காட்சிக் கருவியையும் கூரையிலிருந்துதான் தொங்கவிட்டிருந்தார்கள்.

சூட்டுக்கு ஒரு சின்ன மின்விசிறியை முன்னால் வையுங்கள். ஹெட்செட்டின் காற்றுத் துளைகளை உறையாலோ அலங்கார ஸ்டிக்கராலோ மூடாதீர்கள்.

படி 8: உண்மையிலேயே கிராம் குறைப்பது

இதில் வீட்டில் செய்ய அதிகம் இல்லை. தனியாகக் கழற்றக்கூடிய ஹெட்ஃபோனுக்குப் பதில் காதுக்குள் வைக்கும் இயர்போன், தேவையில்லாத வெளி உறைகளை எடுத்துவிடுதல், கண்ணாடி வைப்பதற்கான இடைவெளிச் சட்டம் வேண்டாதவர்கள் அதைக் கழற்றுதல், அவ்வளவுதான். ஹெட்செட்டின் உடலைத் திறந்து உள் பேட்டரியையோ வெப்பத் தகட்டையோ எடுக்கப் போகாதீர்கள். கேமராக்கள் இருக்கும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் அசைவுக் கணிப்பு கெட்டுவிடும், லென்ஸுக்குள் தூசி போனால் திரும்ப எடுக்கவும் முடியாது.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் பான்கேக் லென்ஸ் உள்ளதைப் பாருங்கள். ஒளியை லென்ஸ்களுக்குள்ளேயே முன்னும் பின்னும் பிரதிபலித்து மடிப்பதால் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே நீண்ட இடைவெளி தேவைப்படாது. ஒளி நிறைய வீணாகும், பதிலுக்குப் பிரகாசமான திரை வேண்டும், ஆனாலும் கழுத்துக்கு இது நல்ல பேரம். 2022-இல் வந்த பிகோ 4 இந்த லென்ஸோடு பேட்டரியைப் பிடரிக்குக் கொண்டுபோனது, முன்பாரம் அங்கேயே பெரிதும் குறைந்துவிட்டது. பிக்ஸ்கிரீன் பியாண்ட் வேறு வழியில் போனது. பேட்டரியும் தனிச் செயலியும் இல்லை, எல்லாம் கணினியிலிருந்து கேபிளில் வரும், முகத்தை மொபைலால் ஸ்கேன் செய்து அனுப்பினால் அதற்கேற்ற மெத்தை. எடை 127 கிராம், 2025-இல் வந்த அடுத்த மாடல் 107 கிராம். அந்த எடையில் எதிர் எடை என்ற பேச்சே தேவையில்லை.

படி 9: திரையை எங்கே வைக்கிறீர்கள்

மேசைக் கணினியில் திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். ஹெட்செட்டில் அதைச் செய்யாதீர்கள். தலை குனியக் குனிய முன்பாரம் கழுத்தை இன்னும் இழுக்கும். படம் பார்க்கும் திரையை நேராக அல்லது ஒரு விரற்கடை மேலே வைத்து, தலை சாய்க்கும் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டு பார்வையை மறுபடி மையப்படுத்துங்கள். சாயும்போது ஹெட்செட்டின் எடையில் ஒரு பங்கு முகத்தின் மேல் இறங்கும், ஆகவே மேல்பட்டையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். பின்னால் பவர் பேங்க் கட்டியிருந்தால் அது நாற்காலியில் இடித்து ஹெட்செட்டை முன்னால் தள்ளும், சாய்ந்து பார்க்கும் நாளில் அதைக் கழற்றிவிடுங்கள், அப்போது அது தேவையும் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் படி 1-இல் எடுத்தது போல இன்னொரு படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் பட்டை, மெத்தை, எதிர் எடை மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது, எது புதுத் தொல்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே ஒரு நேரத்தில் ஒன்று. எல்லாம் பொருந்திய நிலை கிடைத்ததும் பட்டையில் பேனாவால் கோடு போட்டு வைத்துவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. கழற்றி வைக்கும்போது லென்ஸ் சன்னல் பக்கம் பார்க்காமல் வையுங்கள், வெயில் சில நிமிடம் லென்ஸ் வழியே குவிந்தாலே உள்ளே இருக்கும் திரையில் அழியாத பொட்டு விழுந்துவிடும்.